நாற்சந்திச் சண்டை

அந்தத் தம்பதியைக் காலி பண்ண வைப்பது என்று குடியிருப்போர் சங்கம் ஒருமனதாக முடிவு செய்தது.

சண்டை போடட்டும், யார் வீட்டில்தான் இல்லை என்பது சங்கத்தின் நிலை. அதை வீட்டுக்குள் போடாமல், நாலு தெரு கூடும் இடத்தில், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரமாகப் பார்த்துப் போடுவதுதான் மானக்கேடு.

கணவர் தையல்காரர். நாற்சந்தி முனையில் வாடகை வீடு, முன்னறையில் கடை. காலையில் கழுத்தில் தொங்கும் டேப்போடு அவர் சாலையோரத்துக்கு வருவார். பின்னாலேயே மனைவி வருவாள். அவ்வளவுதான், ஆரம்பமாகிவிடும்.

ஒரு நாள் அவருடைய குறட்டை. ஒரு நாள் அவள் அண்ணன் எடுத்துப்போய்த் திருப்பித் தராத இஸ்திரிப் பெட்டி. இன்னொரு நாள் அவர் பெண் பார்க்க வந்தபோது அவளை விட்டுவிட்டு அவள் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்த விவகாரம். அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

வண்டிகள் நிற்கும். பைக்கில் போகிறவர்கள் காலை ஊன்றிக்கொள்வார்கள். கார்க் கண்ணாடிகள் இறங்கும். ஒரு வேன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அந்த அம்மா பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பே சொன்னார். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரவில்லையே என்று லாரிக்காரர் ஒருவருக்கு மனக்குறை.

சங்கச் செயலாளர் அலுவலகம் போகும் வழியில் தினமும் பைக்கை ஓரங்கட்டி முழுச் சண்டையையும் கேட்டார். நடவடிக்கை எடுப்பதென்றால் ஆதாரம் வேண்டுமே. அந்த ஆதாரத்தை அலுவலகத்தில் குரல் மாற்றி நடித்தும் காட்டினார் என்று கேள்வி.

அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைக் கொண்டுபோனவரும் அவர்தான். அந்த அம்மாவுக்கு மனசே இல்லை. வாடகை தேதி தவறாமல் வருகிறது, குழாய் ஒழுகுகிறது என்றுகூட ஒரு நாள் கூப்பிட்டதில்லை. வீடு போனால் கடையும் போகும், அவர்கள் பிழைப்பும் போகும். ஆனாலும் சங்கத்தைப் பகைத்துக்கொள்ள முடியுமா? மாதக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

சாயந்திரம் இருவரும் நேரில் போனார்கள். செயலாளர் பைக்கை வாசலில் நிறுத்தினார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம், அதன் மேல் பேச்சுக்குரல்.

"நாளைக்கு உங்க அக்காவை இழுக்கட்டுமா?"

"வேணாம், போன வாரம்தான் இழுத்தோம். உங்கண்ணனை எடுத்துக்கலாம்."

"அவன் கதைதான் இஸ்திரிப் பெட்டியோட முடிஞ்சுபோச்சே."

"அப்ப எங்கம்மா. ஆனா நேத்து மாதிரி நடுவுல சிரிச்சுத் தொலைக்காதே."

"நீங்க அழுத அழுகைக்கு யாருதான் சிரிக்க மாட்டாங்க?"

வெளியே நின்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் இருமினார். மிஷின் நின்றது.

பிடிபட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? தையல்காரர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த முனையில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி நடையாய் நடந்தது, நடந்து செருப்புத் தேய்ந்தது. பிறகு தானே ரோட்டில் இறங்கிக் கைகாட்டி வண்டிகளை நிறுத்தப் பார்த்தது. நீட்டிய கையை ஒரு பைக் உரசிக்கொண்டு போனதில் அந்த வாரம் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனது. பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், எந்த வண்டியும் வேகத்தைக் குறைக்காது. அப்படி இருக்கையில் ஒரு நாள், சட்டைத் துணியைக் குட்டையாக வெட்டியது யார் என்று இருவருக்கும் உண்மையாகவே முட்டிக்கொண்டது. சண்டை தெருவுக்கு வந்துவிட்டது.

"நாலு பக்கமும் வண்டி நின்னுடுச்சு சார்," என்றாள் மனைவி. "திரும்பிப் பார்த்தா பிள்ளைங்க ஆடி அசைஞ்சு ரோட்டைக் கடந்து போயிட்டிருக்கு. குழந்தை நிக்குதுன்னா எவனும் நிக்கல. ஒரு குடும்பம் நாறுதுன்னா லாரிகூட நிக்குது."

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் சிரிப்பும் பாதி. காலி பண்ணுகிற பேச்சே வேண்டாம் என்றார். என்றைக்காவது வாடகை விஷயமாகச் சண்டை வைத்தால் சொல்லி அனுப்புங்கள், நானும் வந்து கத்துகிறேன் என்றார்.

செயலாளரின் கோபம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பச்சைப் பிள்ளைகளுக்காக நிற்காதவன் எல்லாம் மனுஷனா என்று கேட்டார். இத்தனை நல்லவர்களைத் தெருவில் நின்று கத்த வைத்தவனைச் சும்மா விடக் கூடாது, சங்கக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டால்தான் புத்தி வரும் என்றார்.

"உங்க கையை உரசிட்டுப் போனானே ஒருத்தன். அவன் வண்டி நம்பர் ஞாபகம் இருக்கா?"

தையல்காரர் ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடியும் நூல் கோக்கப் பார்த்தார். மனைவி கீழே கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"சும்மா சொல்லுங்கம்மா. நான் இருக்கேன்ல?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

"தெருவுல போடறதெல்லாம் நடிப்புதான் சார். வீட்டுக்குள்ள மட்டும் நிஜமா ஒரு சண்டை ஓடிட்டிருக்கு," என்றாள். "வாசல்ல நிக்கிற உங்க வண்டி நம்பரை உங்ககிட்டயே சொல்லலாமா, வேணாமான்னு."