வால் வரிசை

"எனக்குப் பதினாறு. உனக்கு நாலு."

அக்கா சொன்னதைக் கேட்டு, சிரிப்பதா சண்டை போடுவதா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

அப்பா காலமாகி இரண்டு மாதம். வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பாத்திரம், பீரோ எல்லாம் சுமுகமாகப் பிரிந்தது. கடைசியில் அக்கா ஒரு பழைய தாளை எடுத்து மேஜைமேல் விரித்தபோதுதான் வந்தது வினை.

அப்பா எப்போதோ வாங்கி வைத்த தபால்தலைகள். வரிசைக்கு நாலாக ஐந்து வரிசை. கடைசி வரிசையில் மட்டும் ஒவ்வொரு தலைக்கும் கீழே வால் மாதிரி ஒரு துண்டு. அதில் விலை கிடையாது. ஒரு குருவிப் படம், இரண்டு வரி எழுத்து, அவ்வளவுதான்.

"ஆளுக்குப் பத்துதானே நியாயம்?" என்றாள் தங்கை.

"நான் பெரியவ. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைஞ்சது யாரு?"

"அதுக்காக? வால் முளைச்சதையெல்லாம் என் தலையில கட்டுவியா?"

"இஷ்டம்னா எடுத்துக்கோ. இல்லைன்னா அதையும் நானே வச்சுக்கிறேன்."

அக்கா தலைகளுக்கு நடுவே ஊசித்துளை போட்டிருந்த கோட்டில் மடித்து, நகத்தால் நீவி, கடைசி வரிசையைப் பதமாகப் பிரித்தாள். தங்கை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த அசிங்கத்தையாவது கிழிச்சுப் போடறேன்."

"கை வைக்காதே!"

அக்கா போட்ட சத்தத்தில், பாத்திரப் பெட்டியைத் தூக்கி வந்த தங்கையின் கணவர் அதைக் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா? கொடுக்கறது நாலு, அதுலயும் அதிகாரம்!"

பஸ்ஸில் வீடு வரும்வரை தங்கை வாய் ஓயவில்லை. "அச்சகத்தை மூடி மூணு மாசமா உங்களுக்கு வேலை இல்லைன்னு அவளுக்குத் தெரியாதா? பங்குன்னு வந்ததும் புத்தி எப்படிப் போகுது பாருங்க!"

"ரெண்டு தடவை பணம் அனுப்பினாங்களே. நீதானே திருப்பி அனுப்பின?"

"நான் என்ன அவகிட்ட கையேந்தினேனா?"

கணவர் வலித்த காலைத் தடவியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் இருவரும் ஊரில் இருந்த ஒரே தபால்தலைக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வாலு வேணாம்னா கிழிச்சுத் தர்றேங்க" என்று தங்கை கையை நீட்டினாள்.

"அம்மா, கையை எடுங்க, புண்ணியமாப் போகும்! அந்தத் துண்டுலதான் விலையே இருக்கு. எல்லாரும் அதைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் கவர்ல ஒட்டினாங்க. வாலோட மிஞ்சினது ரொம்பக் கம்மி."

ஒரு காகிதத்தில் தொகையை எழுதி நகர்த்தினார். கணவர் இரண்டு தடவை படித்தார்.

"ஆறு மாச வாடகைடி! நாலும் சேர்த்துங்களா?"

"ஒண்ணுக்கு."

தங்கை நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் கேட்டாள், "வால் இல்லாம ஒரு பதினாறு இருந்தா?"

"பதினாறுக்கும் சேர்த்து ஒரு நல்ல குடை வாங்கலாம்."

தங்கை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நல்லா வேணும்! பெரியவளாம் பெரியவ! பேராசைக்குக் குடைதான் மிச்சம். இருங்க, இப்பவே போன் பண்ணி அவ வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறேன்."

"போன் அப்புறம் பண்ணலாம்மா" என்றார் கடைக்காரர். "போன வாரம் ஒரு அம்மா இந்தத் தாளை முழுசாக் கொண்டுவந்தாங்க. வரிசை வரிசையா விலை கேட்டுக்கிட்டாங்க. எழுந்து போறப்போ என்கிட்ட ஒரு யோசனையும் கேட்டாங்க."

"என்ன யோசனை?"

"'நேராக் கொடுத்தா வாங்க மாட்டா. எப்படிப் பங்கு போட்டா என் தங்கச்சி என்னைத் திட்டிக்கிட்டே இந்த வரிசையை எடுத்துட்டுப் போவா?'ன்னு."