பாலத்துக்குப் போட்ட மார்க்

"ஒரு பிள்ளைகூட வரலையே அக்கா!" என்றான் புதுமாப்பிள்ளை.

கல்யாணமான மறுவாரமே படிப்புக்குத் திரும்பியதால் வகுப்பில் அவனுக்கு அந்தப் பேர். அவன் அக்கா என்று கூப்பிட்டது பூதக்கண்ணாடியை. எதிலும் குற்றம் கண்டுபிடிப்பாள் என்று வகுப்பே சேர்ந்து அவளுக்கு வைத்த பேர் அது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களைத் தீட்டவும், நடந்ததை எடைபோடவும் கற்றுத்தரும் படிப்பு. கடைசித் தேர்வு, இந்தத் தொங்கு பாலத்தை எடைபோடுவது. அக்கரைப் பிள்ளைகள் இக்கரைப் பள்ளிக்கு வரட்டும் என்று கடல் கடந்த யாரோ கொடுத்த பணத்தில் கட்டியது. இவர்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் ஆற்றின் மேல்பக்க ஊருக்கு இன்னொரு பாலம் உண்டா இல்லையா என்று முடிவாகும். எழுதியதை ஊர் முன்னால் வாசித்துக் காட்டாமல் கிளம்பக்கூடாது. அது படிப்பின் விதி.

பள்ளி மணி அடித்து ஓய்ந்தது. ஆற்றின் மேல் பனி மூடிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

"எழுதிக்கோ. பிள்ளைங்க யாரும் பாலத்தைப் பயன்படுத்தலை."

"மேல ஊர்க்காரங்க பாவம்க்கா. நாளைக்கும் ஒரு தடவை பார்த்துட்டு..."

"பாவம் பார்க்கவா வந்தோம்? கண்ணால பார்த்ததை ஒண்ணு விடாம எழுதணும். அதுதான் நம்ம வேலை."

அப்போது பருத்த அம்மாள் ஒருவர், தோளில் பெரிய பையோடு, இந்தக் கரையிலிருந்து பாலத்தில் ஏறினார். ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் பக்கக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"பாலம் எங்கேயும் ஓடிடாதும்மா!" என்று புதுமாப்பிள்ளை சிரித்தான். அந்த அம்மாள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"நல்லா இருக்கு கூத்து! இவ்வளவு பெரிய பாலம், இந்தம்மா ஒருத்தங்க பையைத் தூக்கிட்டு வியாபாரத்துக்குப் போக. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு! இதையும் எழுது."

எழுதினான். இருவரும் பின்னாலேயே நடந்தார்கள்.

பாதிப் பாலம் தாண்டியதும் பனி விலகி அக்கரை தெரிந்தது. அந்த அம்மாள் நின்றார். கண்ணைத் திறந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றை விட்டார். அப்புறம் கையை வீசிக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் நடப்பவர் போல நடந்தார். வாய் நிறையப் பாட்டு வேறு!

பூதக்கண்ணாடிக்கு எரிச்சலாக வந்தது. "நாம வர்றது தெரிஞ்சதும் நடிப்பைப் பார்த்தியா!"

கரையில் கால் வைத்ததும் எங்கிருந்தோ பிள்ளைகள் ஓடி வந்து அவரை மொய்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர்! டீச்சர்!"

பையிலிருந்து புத்தகமும் சிலேட்டுமாக வெளியே வந்தன. ஒரு கொட்டகைக்குள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இங்கேயா பாடம்?" என்று புதுமாப்பிள்ளை இடுப்பில் குழந்தையோடு நின்ற தாயிடம் கேட்டான்.

"பாலம் வர்றதுக்கு முந்தி, பள்ளிக்கூடம் போற படகு கவிழ்ந்துடுச்சு தம்பி. எல்லாரையும் காப்பாத்திட்டோம். ஆனா அன்னையிலிருந்து பிள்ளைங்க ஒண்ணுகூட தண்ணிப் பக்கம் காலை வைக்காது. பாலம் கட்டியும் ஏறமாட்டேன்னு ஒரே அழுகை. 'நீங்க வராட்டி என்ன, நான் வர்றேன்'னு டீச்சர் வந்து நின்னாங்க. பயம்னா என்னன்னே தெரியாத மனுஷி! பாடிக்கிட்டே வருவாங்க. அதைப் பார்த்துப் பார்த்து இப்போ ரெண்டு பொடிசுங்க பாலத்துல முதல் பலகை வரைக்கும் போகுதுங்க!"

பூதக்கண்ணாடி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு டீச்சரே அவள் அருகில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"என் பின்னாடிதானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக அந்தப் படகுல நானும் இருந்தேன். இன்னைக்கும் தண்ணிக்கு மேல நின்னா கைகால் உதறுது. பனி மறைக்கிறதால பாதி தூரம் இவங்க கண்ணுல படாம தப்பிச்சுக்கிறேன். சாயங்காலம் இவங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் திரும்புவேன்." பிள்ளைகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பாலத்தைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்கம்மா. நான் கண்ணை மூடிக்கிட்டு வந்ததை மட்டும் வாசிச்சுடாதீங்க. அந்த முதல் பலகையும் போயிடும்."

பூதக்கண்ணாடி பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். பயமில்லாதவர்கள் கடப்பது பெரிய காரியமா? இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு, தினமும், ஒரு பாட்டோடு! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள்.

டீச்சர் போனதும் புதுமாப்பிள்ளை மெல்லக் கேட்டான். "அக்கா, பார்த்ததை ஒண்ணு விடாம எழுதணும்னு..."

"பேனாவைக் கொடு."

மத்தியானம் ஊரே கொட்டகையில் கூடியது. பிள்ளைகள் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஓரமாகத் தலை குனிந்து நின்றார்.

ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுதியறியாத பூதக்கண்ணாடி எழுந்து, கணீரென்று வாசித்தாள்:

"இந்தப் பாலத்தால் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மேல ஊருக்கும் பாலம் அவசியம் வேண்டும். இதைக் கடக்கத் துளியும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் டீச்சர் முழுப் பாலத்தையும் பாடிக்கொண்டே கடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்."