குடையில் இரண்டாவது தையல்

எங்கே போனாலும் குடையை மறந்துவிட்டு வருவதும், திரும்பிப் போய்ச் சிரித்துக்கொண்டே எடுத்து வருவதும் தையல்காரிக்கும் அவள் கணவனுக்கும் வழக்கம். அன்று முதலில் பார்த்த அருங்காட்சியகத்திலேயே மறந்தார்கள். மூன்றாவதில், மிகப் பழைய பொருட்கள் வைத்திருந்த அறையில், அதே குடை சாயம் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்திருந்தது. அவள் போட்ட பச்சை நூல் தையல்கூட இருந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு நூலில் இன்னொரு தையல்.

"என் கைத் தையல்தாங்க. ஆனா சிவப்புல நான் தைக்கவே இல்லையே!"

"நாம மறந்தாலும் இவங்க எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாரு," என்றான் அவன். காவலாளி முறைக்கும்வரை இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதல் அருங்காட்சியகத்தின் வாசலில் அவர்கள் குடை, பச்சைத் தையல் மட்டுமாக, சமர்த்தாகச் சாய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் அடித்த காற்றில் அந்தத் தையலுக்குப் பக்கத்திலேயே கிழிந்தது. தொப்பலாக நனைந்து, பாடிக்கொண்டே வீடு வந்தார்கள்.

அவள் நூல் பெட்டியைத் திறந்தாள். பச்சை தீர்ந்திருந்தது.

"கறுப்பு இருக்கே, அதுல தச்சிடு," என்றான் அவன்.

"கறுப்புல தச்சா அந்தக் கண்ணாடிப் பெட்டி காலியாயிடுமே," என்று சொல்லிவிட்டு, அவள் சிவப்பு நூலை ஊசியில் கோத்தாள்.