ஒரு குறையும் இல்லை

சுகிர்தாவுக்கு வந்த கோபத்தில் கீபோர்டு தப்பியதே பெரிய விஷயம். புது வீடியோ கேமில் பாலம் ஒன்று கால் வைத்ததுமே உடைகிறது என்று தன் கேம் விமர்சன வலைப்பூவில் எழுதியிருந்தாள். பதிவு ஏறிய நொடியே கேம் அதைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டது. இப்போதெல்லாம் எல்லா கேமும் அப்படித்தான்.

பழைய வாசகன் எபனேசர் போன் செய்தான். "அக்கா, பாலத்துல குதிச்சே பாத்துட்டேன், கல்லு மாதிரி நிக்கி. ஏன் இப்படி அடிச்சு விடுதீங்க?"

"ஓசியில கேம் கம்பெனிக்காரனுக ஓட்டையை அடைக்கிறதும் நான், புளுகுணியும் நானா?" என்று கணவனிடம் பொரிந்தாள்.

அடுத்து வந்த கேமில் தோணி ஒன்று நடுக்கடலில் அவளோடு கவிழ்ந்தது. "ஒரு குறையும் இல்லை. தோணியில் தைரியமாக ஏறுங்கள்" என்று எழுதினாள். கேம் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தது.

சாயங்காலமே எபனேசர் கத்தினான். "விலைபோயிட்டீங்களாக்கா? தோணி கவுந்துட்டு!"

"கவுந்துச்சுல்ல? அதே இடத்துலதான் நானும் விழுந்தேன்!" சுகிர்தாவும் கத்தினாள். "அதை உன் கண்ணுல காட்ட நான் பொய் எழுத வேண்டியிருக்குடா!"