மஞ்சள் வீடு வேண்டாம்

அட்டையைப் பிரித்துப் படித்தாள் டெலேனி. உடனே மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் பெயர் மாறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

மாறவில்லை.

மைதானம் முழுக்கக் கூச்சல். புது மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, கண் மை கலையாமல் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக அலபாமா வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, பல் தெரியச் சிரித்து, கல்லூரியில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் மாணவிகளின் சகோதரிச் சங்கம் ஏதாவது ஒன்று தங்களை எடுத்துக்கொள்ளாதா என்று காத்திருந்தவர்கள். கூடப் பிறந்தவளை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே முடியும். அதனால்தான் இத்தனை அடிதடி.

டெலேனி ஆசைப்பட்டது வெள்ளைத் தூண் வீட்டுக்கு. அட்டையில் இருந்த அழைப்பு மஞ்சள் வீட்டிலிருந்து.

ஹோலிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி. வாரம் முழுக்க டெலேனியின் குழுவுக்கு அவள்தான் வழிகாட்டி.

"அழணும்னா அழுதுடு. டிஷ்யூ வச்சிருக்கேன்."

"நான் எதுக்கு அழணும்? அழ வேண்டியது அவங்க. நேத்து வெள்ளைத் தூண்ல ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இல்லாம இந்த வீடு வீடாவே இருக்காது'ன்னு கண்ணீர் விட்டா."

தெருக்கோடியில் அந்த வீடு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. தூண்கூட அசையவில்லை.

"அதே வசனத்தை நேத்து எத்தனை பேர்கிட்ட சொன்னாளோ," என்றாள் ஹோலிஸ்.

போன் அடித்தது. அம்மா.

"வெள்ளைத் தூண்தானே கண்ணு? சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன்."

"இல்லம்மா. மஞ்சள் வீடு."

மறுமுனையில் அம்மா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.

"சரி விடு. ஒண்ணும் ஆகலை," என்றாள் அம்மா. "கொஞ்ச நாளைக்கு நான் சர்ச்சுக்குப் போகலை, அவ்வளவுதானே."

டெலேனி போனைப் பைக்குள் போட்டாள்.

"நீங்க அந்த மஞ்சள் வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்."

"அப்போ உங்களுக்கே தெரியும். வேற எங்கேயும் சேர்த்துக்காததுங்க எல்லாம் ஒதுங்குற இடம். ஒருத்திக்காவது டிரஸ் பண்ணத் தெரியுதா? என்கிட்ட பேச ஒரு கண்ணாடிக்காரி வந்தா. முழுக்க முழுக்க அவ வளர்க்குற ஆமையைப் பத்தியே பேசினா. ஆமை என்ன சாப்பிடும், எப்போ தூங்கும். எனக்கே தூக்கம் வந்துடுச்சு."

"ஆமைக்குப் பேர் சொன்னாளா?"

"சொல்லியிருப்பா. யார் கேட்டா?"

ஹோலிஸ் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நீங்க எந்த வீடுன்னு சொல்லக்கூடாதுன்னு விதி இருக்காமே," என்றாள் டெலேனி.

"ஆமா. யாரையும் எந்தப் பக்கமும் இழுத்துடக்கூடாதுன்னுதான். நீங்க எல்லாரும் முடிவெடுக்கிற வரைக்கும் எங்களுக்கு வீடே கிடையாது."

"சொல்லவே வேண்டாம். உங்க முடியைப் பார்த்தாலே தெரியுது, வெள்ளைத் தூண்."

"ஷாம்பூவுக்குத்தான் நன்றி சொல்லணும்."

டெலேனிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இப்போ நான் என்னதான் பண்றது?"

"போய் ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். பிடிக்கலைன்னா வெளியே வந்துடலாம். இல்லை, இப்பவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம். அப்படிக் கொடுத்துட்டா அடுத்த வருஷம் வரைக்கும் எந்த வீடும் கிடையாது. ரெண்டுல எது செஞ்சாலும் தப்பில்லை."

"என் இடத்துல நீங்க இருந்தா?"

ஹோலிஸ் டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்தாள். மறுபடி பைக்குள் வைத்தாள்.

"அதை நான் சொல்லக்கூடாது."

"பார்த்தீங்களா? இந்த வாரத்துல என்கிட்ட நடிக்காத ஒரே ஆள் நீங்கதான். அந்த மஞ்சள் வீட்டுல உங்களை மாதிரி ஒருத்தி, ஒரே ஒருத்தி இருந்திருந்தாலும் நான் ஓடியே போயிருப்பேன்."

ஹோலிஸ் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா யோசிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"யோசிக்க என்ன இருக்கு?"

மறுப்புத் தாளை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள் ஹோலிஸ். டெலேனி போட்டாள். தன்மானம் உள்ளவள் போடும் கையெழுத்து. கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

விடுதிக்குத் திரும்ப மஞ்சள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புல்வெளியில் பலூன், பாட்டு, யாரும் யாருக்கும் மதிப்பெண் போடாத ஆட்டம். டெலேனி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

"ஏய், நில்லு."

கண்ணாடிக்காரி. கையில் ஐஸ் டீ தளும்பத் தளும்ப ஓடி வந்தாள்.

"நீ டெலேனிதானே? அன்னிக்கு ஆமைக் கதை சொல்லி உன்னைக் கொன்னுட்டேன், ஸாரி. பதட்டமானா எனக்கு அதுதான் வாயில வரும். இந்தா, முதல்ல இதைக் குடி. இப்போ பரவாயில்லையா?"

"எனக்கு என்ன?"

"வெயில்ல மயக்கம் போட்டு விழுந்துட்டியாமே? ஆசைதான், ஆனா உடம்பு ஒத்துழைக்காதுன்னு அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டியாம். கேட்டதும் எங்க எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

டெலேனி டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"யார் சொன்னா?"

"ஹோலிஸ்தான். இப்போதான் போன் பண்ணினா."

"அவங்க எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?"

கண்ணாடிக்காரி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"நல்லா கேட்டே போ. ரெண்டு வருஷமா நானும் அவளும் இந்த வீட்டுல ஒரே ரூம். எங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவா?"