சிவப்பின் மேல் நீலம்

சந்தியாகுவின் டீக்கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்று வெயிலில் வெளுத்துப்போன பழைய சிவப்பு. மற்றது போன மாதம் வந்த நீலம்.

கடை திறந்ததுமே சிவப்பு ஆரம்பித்துவிடும். "உட்காரக்கூட யாருக்கும் தெரியல தம்பி. தூக்கி வைக்காம தரதரன்னு இழுக்கிறாங்க. பின்னங்கால்ல சாய்ஞ்சு ஆடுறாங்க. வயசான மனுஷன் நிக்கிறாரு, காய்கறிப் பை உட்கார்ந்திருக்கு."

"காலம் மாறிப்போச்சு பெரியவரே. கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்று நீலம் சலித்துக்கொள்ளும்.

ஒருநாள் சிவப்பின் இடது பின்னங்காலில் விரிசல் விழுந்தது. சந்தியாகு அதை ஓரமாகப் போட்டார். அங்கிருந்தும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் ஒருவர் செல்போனில் பேசியபடியே நீலத்தில் சாய்ந்து ஆடினார். அதன் வலது பின்னங்காலில் படக்கென்று விரிசல் விழுந்தது.

தூக்கி எறிய மனமில்லாமல், சந்தியாகு சிவப்பின் மேல் நீலத்தைச் செருகினார். கையால் அழுத்திப் பார்த்தார். "தாங்கும்," என்றார்.

அப்போது யாரோ, கடைக்குப் புதிதாக வாங்கியிருந்த பச்சை நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள்.

"பார்த்தீங்களா பெரியவரே? உட்காரக்கூட யாருக்கும் தெரியல!" என்று ஆரம்பித்தது நீலம். நிறுத்தவே இல்லை.

ஒருத்தராவது ஆமாம் போடமாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்திருந்த சிவப்பு, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும் தம்பி. கனத்த ஆளா ஒருத்தர் வர்றாரு. காலை நல்லா ஊனிக்கோ," என்றது.