பச்சைக் கதவு

வேலிக்கு அந்தப்புறம் பங்காளியின் அரளி பூத்துக் குலுங்குகிறது. இந்தப்புறம் கறவைப்பசு சுவரில் நெற்றியை முட்டியபடி பல்லை நறநறவென்று கடிக்கிறது. கண்ணெதிரே விரலை ஆட்டினாலும் இமைக்கவில்லை. "அரளிய அரைச்சுத் தண்ணில கலந்திருக்கான் டாக்டர். மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" என்கிறார் மாட்டுக்காரர். அந்த மூஞ்சி வேலிக்கு மேலே எட்டி, "அண்ணே, மாடு எப்படி இருக்கு?" என்கிறது. "பாத்தீங்களா, வேவு!" மாட்டு டாக்டர் பசுவின் நாக்கை இழுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார். எச்சிலில் பச்சைப் பொருக்குகள் மின்னுகின்றன. அவர் பார்வை வேலியோரம் நிறுத்திய பழைய கதவுக்குப் போகிறது. மேல்பாதியில் பச்சை பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. கீழே, நாக்கு எட்டும் உயரம் வரை, மரம் வழுவழுவென்று வெளுத்திருக்கிறது. "இத எப்ப வச்சீங்க?" "பத்து நாளாச்சு. அவன் கை உள்ள வந்துடக் கூடாதுல்ல? தாத்தா காலத்துக் கதவு." "அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்குங்க. அதான் விஷம். நக்கியே தின்னிருக்கு." மாட்டுக்காரர் கதவைப் பார்க்கிறார், பங்காளியைப் பார்க்கிறார், குரலைத் தாழ்த்துகிறார். "அந்த ஈயத்த அவன் எப்பக் கலந்தான் டாக்டர்?" வேலிக்கு மேலிருந்து பங்காளி கத்துகிறான்: "அண்ணே, கன்னுக்குட்டி கதவ நக்குது!" மாட்டுக்காரர் திரும்பவில்லை. "கண்டுக்காதீங்க டாக்டர். நம்ம கவனத்தத் திருப்புறான்."